ஜிஞ்சர் பீரை முதலில் ஊற்றினாள்

மரச்சுத்தியலை ஓங்கி ஐஸ் பையின்மேல் இறக்கினாள் பாப்பா. இரண்டு அடி போதும். அவள் ஏழெட்டு அடி அடித்தாள்.

மாடியில் அப்பா செத்துக்கொண்டிருந்தார். "இனிமே கேட்டதைக் குடுங்க" என்று டாக்டர் காலையில் சொல்லிவிட்டுப் போனார். கேட்டது பாலும் இல்லை, கடவுளும் இல்லை. கீழே தன் பாரில் நாற்பது வருஷமாகத் தானே கலந்து விற்றதைக் கேட்டார். ஜிஞ்சர் பீரும், கிராம்பும் பட்டையும் ஊறிய இனிப்பு லிக்கரும். பீர் என்பது பேருக்குத்தான். காரமான இஞ்சி சோடா அது.

பாருக்கு வருகிறவர்கள் அவரைக் கர்னல் என்பார்கள். பட்டாளத்து வாசலை அவர் மிதித்ததே இல்லை. மீசையும், தொட்டதற்கெல்லாம் கைநீட்டும் குணமும் வாங்கித் தந்த பட்டம். மகளுக்கு முப்பத்திநாலு வயதாகியும் வீட்டில் பாப்பாதான்.

கர்னலின் முறைப்படி முதலில் லிக்கர், அதன்மேல் ஜிஞ்சர் பீர், பிறகு நீளக் கரண்டியால் நாலு சுற்று. பாப்பாவுக்கு அந்தக் கரண்டியைக் கண்டாலே ஆகாது. கலக்கக் கலக்க கேஸ் போய்விடும். ஜிஞ்சர் பீரை முதலில் ஊற்றி லிக்கரை மேலே விட்டால் போதும். இனிப்புக் கனத்தில் அதுவே இறங்கிக் கலந்துகொள்ளும். ஆறு வருஷத்துக்கு முன்னால் பாரில் அவள் அப்படிக் கலந்து கொடுத்ததைக் குடித்த ஒருவர், "உங்களைவிடப் பொண்ணு பிரமாதமாக் கலக்குது கர்னல்" என்று சொல்லித் தொலைத்தார். கடையை மூடியதும் கர்னல் அவள் கையைக் கவுண்டரில் அழுத்திப் பிடித்து, ஐஸ் உடைக்கும் சுத்தியலாலேயே அடித்தார். இடது கையில் இரண்டு விரல் இன்றைக்கும் முழுசாக மடங்காது. அம்மா துணியைச் சுற்றிக் கட்டிவிட்டு, "அப்பாதானே" என்றாள். எந்தக் காயத்துக்கும் அவளிடம் இருந்த ஒரே மருந்து அது.

அவர் முறையிலேயே கலந்து கொடுத்திருந்தால் ஒரு கேடும் வந்திருக்காது. ஆனால் இன்றைக்கு விட்டால் வேறு நாள் ஏது? ஒரே ஒரு தடவை அவர் வாயால் நல்லாருக்கு என்று கேட்டுவிட வேண்டும். அற்ப ஆசைதான். அதற்காக அவள் ஆறு வருஷம் காத்திருந்தாள். ஜிஞ்சர் பீரை முதலில் ஊற்றினாள்.

மாடிப்படியில் சித்தப்பா போனும் கையுமாக நின்று, உயிர் போகுமுன்பே உறவுக்கெல்லாம் சேதி சொல்லிக்கொண்டிருந்தார். பாப்பா அவரைத் தாண்டிப் போய், அப்பாவின் தலையைத் தூக்கிக் கண்ணாடி டம்ளரை வாயில் வைத்தாள்.

தொண்டை ஏறி இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னொரு வாய் குடு."

கொடுத்தாள்.

"நல்லாருக்கு" என்றார். "சுருக்குனு இறங்குது. எப்படிக் கலந்தே?"

பாப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த சந்தோஷத்தில் புத்தி கெட்டது.

"ஜிஞ்சர் பீரை முதல்ல ஊத்தினேன்ப்பா. கரண்டியே போடலை."

கண் திறந்தது. நாலு மாதமாகப் படுக்கையைவிட்டு எழாத மனுஷனுக்கு அந்த வலு எங்கிருந்து வந்ததோ, டம்ளரைப் பிடுங்கி அவள் நெற்றியில் ஓங்கி அடித்தார். கண்ணாடி தெறித்தது. மற்றக் கையால் அவள் முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார்.

"எனக்கே சொல்லித் தரியா, நாயே!"

இழுத்த கை பாதியில் நின்றது. இருமல் வந்தது. வாயோரம் பழுப்பாக வழிந்தது. நெஞ்சு ஒருமுறை தூக்கிப் போட்டு அடங்கிவிட்டது. பிடி மட்டும் விடவில்லை. தன் முடியிலிருந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாக அவளே பிரித்தாள்.

சத்தம் கேட்டு ஓடிவந்த சித்தப்பா நாடியைப் பார்த்தார். "போயிட்டாரே" என்று கொஞ்சம் அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கடைசியா என்னம்மா சொன்னார்? எல்லாரும் கேப்பாங்க" என்றார்.

"நல்லாருக்குன்னார்."

"பாத்தியா, பெத்த பாசம்! நெத்தியில என்ன ரத்தம்?"

"டம்ளர் கைதவறிடுச்சு சித்தப்பா."

அம்மா அறை வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. தரையைப் பார்த்தாள், மகளின் நெற்றியைப் பார்த்தாள், செத்தவரின் விரலிடுக்கில் சிக்கியிருந்த நீள முடிகளைப் பார்த்தாள். அப்பாதானே என்று இப்போது வரும், இதோ வரும் என்று பாப்பா பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

அம்மா கண்ணாடித் துண்டுகளை மிதித்துக்கொண்டே கட்டிலுக்குப் போனாள். கையை ஓங்கி அவர் கன்னத்தில் ஒரு அறை விட்டாள். முகம் சுவர்ப்பக்கம் திரும்பியது.

"அண்ணி! என்ன பண்றீங்க!"

இன்னொரு அறை விட்டாள்.

பிறகு, திரும்பிய தலையை இரண்டு கையாலும் பிடித்து நேராக வைத்தாள். தலையணையைச் சரிசெய்தாள். விரலிடுக்கிலிருந்த முடிகளை ஒன்று விடாமல் உருவி எடுத்தாள்.

"வெளிச்சத்துக்கு வா" என்று மகளை ஜன்னலோரம் இழுத்துப் போய், நெற்றிக் காயத்தை விரலால் விலக்கி, கண்ணாடித் தூள் உள்ளே இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினாள்.