இந்த இருக்கைக்கு ஆள் வருகிறார்

வியாழக்கிழமை காலையில் வந்த பாட்டில்களுக்கு வாய் இல்லை. ஆகையால் எங்கள் பிரிவைக் கலைத்துவிட்டார்கள்.

நான் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு பாட்டில் நிறுவனத்தில் பணி புரிகிறேன். மூடி சரியாகத் திருகிக்கொள்கிறதா என்று பார்ப்பது என் வேலை. புதிய பாட்டில்களுள் ஒன்றை எடுத்து எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தேன். உள்ளே தண்ணீர் இருந்தது. அஃது எவ்வழியே உள்ளே சென்றது என்று மேற்பார்வையாளரைக் கேட்டேன். அது வேறு பிரிவின் பொறுப்பு என்றார்.

பிறகு எங்கள் அனைவரையும் மாடிக்குப் போகச் சொன்னார். அங்கே வருங்காலத்துக்கான பயிற்சி நடைபெறும். மாலையில் வருங்காலம் வரும். அதில் இடம் பிடிப்பவர்களுக்கு வேலை உண்டு. இடம் கிடைக்காதவர்கள் வியாழக்கிழமையிலேயே இருந்துவிட வேண்டும்.

எனக்கு வெள்ளிக்கிழமை தேவைப்பட்டது. அன்று காலை என் மனைவி மரகதத்துக்குக் கண் அறுவை சிகிச்சை. உடன் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். எங்களுக்கு வேறு ஒருவரும் இல்லை.

இதை மேற்பார்வையாளரிடம் எடுத்துரைத்தேன்.

"அப்ப ஒழுங்கா கத்துக்குங்க, தனக்கோடி" என்றார்.

மாடிப்படி வழக்கத்தைவிட நீண்டிருந்தது. வழியில் ஓரிடத்தில் டீ கொடுத்தார்கள்.

பயிற்சியாளரின் பெயர் பத்மாசனி. இளம்பெண். முதல் திறனை உடனே கற்பிக்கத் தொடங்கினார். கேள்விப்படாத ஒன்றைக் கேட்க நேர்ந்தால், ஆச்சரியப்படாமல் தலையசைக்க வேண்டும். அதுவே அத்திறன்.

நான் கையை உயர்த்தினேன்.

"இதெல்லாம் எந்த வேலைக்குங்க மேடம்?"

"அந்த வேலை இன்னும் வரலை சார்."

"வந்தா எப்படித் தெரியும்?"

"உங்களுக்குத் தெரியாததா இருக்கும்."

நான் தலையசைத்தேன்.

"சரியா பண்றீங்க" என்றார் அவர்.

அத்திறன் எங்களுக்குப் படிந்து வந்த வேளையில் அது காலாவதி ஆயிற்று. பத்மாசனி வருத்தம் தெரிவித்து, அதை மறந்துவிடச் சொன்னார். பலர் உடனே மறந்தனர். என்னால் இயலவில்லை. தலை தன்போக்கில் அசைந்துகொண்டிருந்தது.

அடுத்து, இல்லாத சக ஊழியருடன் ஒத்துழைக்கப் பழகினோம். ஒவ்வொருவருக்கும் எதிரில் ஒரு வெற்று நாற்காலி போட்டார்கள். எனக்கு வாய்த்தவர் ஒரு சொல்லும் பேசவில்லை. ஆயினும் என்னைவிட அவருக்கே அதிக மதிப்பெண் கிடைத்தது.

உணவுக்குப் பின் மடியப் பழகினோம்.

"வருங்காலத்துல இடம் கம்மி. அதனால எல்லாரும் மடியணும்" என்றார் பத்மாசனி.

எங்களுடன் பயிற்சிக்கு வந்திருந்த கணக்குப் பிரிவின் இளைஞர்கள் நான்காக மடிந்து அலமாரியில் ஏறிக்கொண்டார்கள். என் பிரிவைச் சேர்ந்த சூசைராஜ் எனக்குப் பக்கத்தில் மடிந்துகொண்டிருந்தார்.

"இவ்வளவு நாள் நாம மூடியத் திருகினோம். இப்ப நம்மளத் திருகுறாங்க, பாத்தீங்களாண்ணே" என்றார். அவருடைய குரல் அவர் முழங்காலுக்குப் பின்னாலிருந்து வந்தது.

என் முழங்கால்கள் ஒத்துழைக்கவில்லை. இரண்டாக மடிவதே பெரும்பாடாயிற்று. பத்மாசனி அருகில் வந்து நின்றார்.

"நீங்க அரைகுறையா நிக்கறீங்க சார். ஆனா உங்க பாக்கெட்ல இருக்கறவர் அருமையா பண்றார்."

சட்டைப் பையில் இருந்தது என் கைக்குட்டை. நான்காக மடிந்திருந்தது. கண் நன்றாக இருந்த காலத்தில் மரகதம் அதன் மூலையில் நீல நூலால் என் பெயரைப் பின்னியிருந்தாள். பத்மாசனி குனிந்து அப்பெயரைப் படித்தார். பிறகு அதனிடம் நன்றி சொன்னார்.

மாலையில் வருங்காலம் வந்தது. அஃது ஓர் அறையாக இருந்தது. நடைவழியின் கோடியிலிருந்து மெல்ல நகர்ந்து வந்தது. சன்னல்கள் இருந்தன. உள்ளே வரிசையாக இருக்கைகள் தெரிந்தன. அது நிற்கும் என்று சொல்லியிருந்தார்கள். நிற்கவில்லை, சற்றே தயங்கிற்று.

எல்லாரும் வாசலை நோக்கி ஓடினார்கள். நான் ஓடவில்லை. பேருந்து நிலையத்தில் ஆயுள் முழுவதும் செய்துவந்ததையே செய்தேன். கைக்குட்டையைச் சன்னல் வழியே ஓர் இருக்கையின்மீது போட்டேன். கைக்குட்டை கிடக்கும் இருக்கையில் எவரும் உட்காரத் துணியார். பின்பு நிதானமாக வாசலுக்கு நடந்தேன். இடம் பிடித்தவன் ஓடுவதில்லை.

வாசலில் பத்மாசனி நின்றார். அவருக்கு இப்போது தலை முழுவதும் நரைத்திருந்தது.

"தனக்கோடி ஏறியாச்சே சார்."

"நான்தான் தனக்கோடி."

"அவர் சன்னலோரமா உக்காந்திருக்கார். பேர்கூடப் போட்டிருக்கு."

"அது என் கர்ச்சீப் மேடம். இடத்துக்காகப் போட்டேன்."

"ஏறாதவங்க எல்லாரும் இதத்தான் சொல்றாங்க."

உள்ளிருந்து சூசைராஜ் தலையை நீட்டினார். அவருக்கு அடுத்த இருக்கையில் கைக்குட்டை இருந்தது.

"அண்ணே, கவலப்படாதீங்க. நான் பக்கத்துலதான இருக்கேன். சாரப் பத்திரமா பாத்துக்கறேன்."

யாரைச் சார் என்றார் என்று கேட்பதற்குள் அறை நகர்ந்துவிட்டது. கைக்குட்டை என் பக்கம் திரும்பவில்லை. அதன் ஒரு மூலை மட்டும் காற்றில் அசைந்தது.

சூரியன் மறைந்தது, சற்று யோசித்தது, மீண்டும் எழுந்தது. வியாழக்கிழமைதான்.

நான் மரகதத்தின் செல்போனுக்குப் பேசினேன். வெள்ளிக்கிழமையில் மணி அடித்தது.

"அலோ, யாருங்க?"

"நான்தான்."

"நான்தான்னா? இவர் இங்க என் பக்கத்துல உக்காந்திருக்காரு. நீங்க யாரு?"

நான் செல்போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"ஆபீஸ்லேர்ந்து பேசறேம்மா. ஆபரேஷன் முடிஞ்சுதா?"

"நல்லபடியா முடிஞ்சுதுங்க. ரெண்டு கண்ணையும் கட்டியிருக்காங்க. நாளைக்குக் கட்டு பிரிப்பாங்களாம்."

"சார் எப்படி இருக்கார்?"

"அத ஏன் கேக்கறீங்க. என்னிக்கும் இல்லாம கை மெத்துன்னு இருக்கு. காலையிலேர்ந்து ஒரு வார்த்த கோவமா பேசல. மூஞ்சி வேர்த்தா தொடச்சி விடறாரு. வீட்ல இப்படி ஒரு நாள் இருந்ததில்ல. அவர்கிட்ட குடுக்கட்டுங்களா?"

"குடுங்க."

மறுமுனையில் துணி உரசும் ஓசை கேட்டது.

"கட்டு பிரிக்கறதுக்குள்ள நான் வந்துடறேன்" என்றேன். "அதுவரைக்கும் கைய விட்றாத."

விடை வரவில்லை. அது தலையசைத்திருக்க வேண்டும். அத்திறனை அதுவும் என்னுடன் இருந்துதான் கற்றது.

நான் மீண்டும் மாடிக்குச் சென்றேன். பத்மாசனி மறுபடியும் இளம்பெண்ணாக இருந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. வேறு பிரிவினர் வந்திருந்தார்கள். மற்றத் திறன்களை நான் கவனிக்கவில்லை. காலை முதல் மடிவதை மட்டுமே செய்தேன். முழங்கால்கள் முதலில் முனகின, பிறகு இரைந்தன, பிறகு ஓய்ந்தன. மூன்றாம் டீ வருமுன் நான்காக மடிந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் தங்கள் டம்ளர்களை என்மீது வைத்தார்கள்.

மாலையில் அறை வந்தது. சன்னலருகே காத்திருந்தேன். போடுவதற்கு என்னிடம் கைக்குட்டை இல்லை. மடிந்த நிலையில் ஓடவும் இயலவில்லை. இதை நான் முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

என்னருகே பொதி கட்டும் பிரிவைச் சேர்ந்த ஒருவர் நின்றிருந்தார். அவர் தம் சட்டைப் பையைத் துழாவினார். காற்சட்டைப் பைகளையும் துழாவினார். அவரிடமும் கைக்குட்டை இல்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குனிந்து என்னைப் பார்த்தார்.

"மன்னிச்சுக்குங்க சார்" என்று சொல்லி என்னை எடுத்துச் சன்னல் வழியே போட்டார்.

நல்ல இருக்கை. மெத்தை இருந்தது. மடிப்புக் கலையாமல் கிடந்தேன். அறை நகரத் தொடங்கிற்று. எந்தக் கிழமையை நோக்கி என்று தெரியவில்லை; ஆனால் வியாழக்கிழமை பின்னால் போவதைக் கண்டேன். மரகதத்தின் கட்டு இன்னும் பிரிக்கப்பட்டிராது என்றே நம்பினேன். என்னை எறிந்தவர் வாசலை நோக்கி நிதானமாக நடந்து வந்தார். அவர் இடம் பிடித்துவிட்டவர்.

உள்ளே ஒருவர் பையுடன் வந்து என்னருகே நின்றார்.

"இங்க ஆள் இருக்கா?" என்று கேட்டார்.

அடுத்த இருக்கையில் இருந்த அம்மாள் என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தார்.

"ஆள் வராங்க" என்றார்.

நான் ஆச்சரியப்படாமல் தலையசைத்தேன்.