தலையீடு

உழைக்கும் மக்களின் வரலாற்றில், ஒரு தொழிலாளிக்காகத் தன் தலையையே தந்த தலைவர் நெய்வேலியில் மட்டும்தான் உண்டு. தந்தது வாய் தவறி. கான்ட்ராக்டில் பதினைந்து வருடம் ஓட்டிவிட்ட பழனிவேலை இந்தத் தடவையாவது பெர்மனென்ட் ஆக்க வேண்டும் என்று அவர் மனைவி தனம் வாயிற்கூட்டத்தில் எழுந்து கேட்டபோது, சங்கத் தலைவர் சின்னதுரை மைக்கைப் பிடித்து, "இதுல நானே நேரடியா தலையிடுறேம்மா" என்றார். மறுநாள் காலை தனம் பால் வாங்கிக்கொண்டு திரும்பியபோது, வீட்டில் அரிசி டிரம்மின்மேல் அவர் தலை இருந்தது.

சும்மா சொல்லக்கூடாது, கனமான தலை. நகர்த்த இரண்டு ஆள் வேண்டியிருந்தது. மைக் இல்லாததால் அது பேசவில்லை. எதைக் கேட்டாலும் ஆமாம் என்று ஆடியது. "ஐயா, எங்க வூட்டுக்காரருக்கு இந்த வருஷம் ஆயிடுங்களா?" ஆடியது. "ஆவாதுங்களா?" அதற்கும் ஆடியது. "நாளைக்கு மழையான்னு கேளேன், அதுக்கும் ஆடும்" என்று சொல்லிவிட்டுப் போனாள் பக்கத்து வீட்டுக் கண்ணகி.

உடம்பு அதுபாட்டுக்குக் கூட்டங்களுக்குப் போய்வந்தது. காலரோடு நிறுத்தி மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள். தலையில்லாமலே அது மூன்று மாநாடுகளுக்குத் தலைமை தாங்கியது. வித்தியாசம் தெரிந்ததாக யாரும் சொல்லவில்லை. எடுத்துக்கொண்டு போங்கள் என்று தனம் சங்க ஆபீசில் போய் நின்றாள். "தலைவருக்குத் தலைக்குமேல வேலைம்மா" என்றார் செயலாளர் சுதாகர்.

"எந்தத் தலைக்குங்க? அது என் வூட்ல தூங்கிகினு கெடக்கு."

அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

கடைசியில் தலைவரின் மனைவி உமாராணி காரில் வந்தார். டிரம்மை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "இங்கயே இருக்கட்டும்க்கா. எங்க வீடு இப்பதான் வீடா இருக்கு" என்றார். காபி குடித்துவிட்டுப் போனார்.

அதன்பிறகு தனம் யாரிடமும் போகவில்லை. அரிசி எடுக்கும்போது அவள் ஒரு காதைப் பிடித்தாள், பழனிவேல் ஒரு காதைப் பிடித்தார். தலைமுழுகிவிடு என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அவளால் வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய் வைத்து முழுக்காட்டத்தான் முடிந்தது. வருடங்கள் போயின. பெர்மனென்ட் ஆனவர்கள் ஆனார்கள். பழனிவேலுக்கு அதற்கான வயது வரம்பு தாண்டிய அன்று தனம் அதன் எதிரில் உட்கார்ந்து, "இனிமே நாங்க என்னங்க பண்றது?" என்று கேட்டாள். ஆமாம் என்று ஆடியது.

பழனிவேல் சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு செகண்ட் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பினார், கான்ட்ராக்டாகவே. தலைவரின் தலையீட்டால் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது பேன்.