சின்னுசாமியின் கால்

சின்னுசாமியின் காலுக்குப் பை கிடைத்த நாளிலிருந்து முத்தனுக்குச் சோறு இறங்கவில்லை.

பை என்றால் கடையில் சாமான் போட்டுத் தரும் பை இல்லை. முழங்கால் வரை வரும் பிளாஸ்டிக் உறை. கண்ணாடி மாதிரி உள்ளே எல்லாம் தெரியும். வாய்ப்பக்கம் ஒட்டும் பட்டை, அடியில் ஒரு சின்னக் குழாய். நடமாடும் மருத்துவ வண்டியில் வரும் நர்ஸ் மணிமேகலை அதைச் சின்னுசாமியின் காலில் மாட்டி, பட்டையைத் தோலோடு ஒட்டி, குழாயை ஒரு குட்டி சிலிண்டரில் செருகுவாள். பை மெல்ல உப்பும். ஒன்றரை மணி நேரம் ஆக்சிஜன் உள்ளே அழுத்தி நின்று புண்ணின் மேல் படும். முடிந்ததும் பையைக் கழற்றிக் குப்பைக்கென்று வைத்திருக்கும் சிவப்பு உறையில் போட்டுவிடுவாள். அடுத்த நாள் புதுப் பை. வாரத்தில் நாலு நாள் இப்படி.

சின்னுசாமி முத்தனின் தங்கை அத்தாயியின் புருஷன். மலைமேல் வாழவந்தி நாட்டில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு முள்வேலிதான். இருபது வருஷமாக இருவரும் ஜோடியாக மிளகு பறிக்கப் போகிறவர்கள். மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி, உச்சியை மரத்தோடு கட்டி, மூங்கில் கணுவில் கால் கட்டைவிரலை ஊன்றி ஏற வேண்டும். ஜோடியில் மேலே ஏறுகிறவன் எப்போதும் முத்தன்தான். சின்னுசாமி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். சர்க்கரையும் பீடியும் சேர்ந்து முத்தனின் கட்டைவிரலுக்கு அடியில் புண் வைத்தது. அதற்கு அஞ்சு மாசம் கழித்து, வெட்டிவிட்ட காப்பிக் குச்சி குத்திச் சின்னுசாமிக்குக் கணுக்காலில் புண் வந்தது.

புண்ணில்கூட மூத்தவன் முத்தன்தான். ஆனால் பை இளையவனுக்குப் போனது.

அந்த நாளை முத்தன் மறக்கவில்லை. மணிமேகலை பேனா மாதிரி ஒரு கருவியை முதலில் சின்னுசாமியின் பாதத்தில் வைத்தாள். அதோடு இணைந்த சின்னப் பெட்டி சளக் சளக் என்று கத்தியது. "ரத்த ஓட்டம் ஜோரா இருக்குது" என்றாள். பிறகு முத்தனின் பாதம். பெட்டி கரகரத்தது, அவ்வளவுதான். அவள் இடத்தை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். சின்னுசாமி குனிந்து கேட்டுவிட்டு, "மச்சான் காலு ஊமைங்க சிஸ்டர்" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முத்தனும் சிரித்தான். சிரிக்காமல் எப்படி நிற்பது?

"உங்களுக்கு ரத்தக் கொழாய் அடைச்சிருக்கலாமுங்கண்ணா. ரத்தமே வராத காலுக்கு இந்தப் பையப் போட்டுப் பிரயோசனம் இல்ல. கீழ நாமக்கல் போயி ஸ்கேன் எடுத்துட்டு வாங்க. அடைப்ப எடுத்துட்டா உங்களுக்கும் போடுறேன்" என்று மணிமேகலை சீட்டு எழுதிக் கொடுத்தாள்.

கீழே போனால் காலை எடுத்துவிடுவார்கள் என்பது முத்தனின் பயம். அதை யாரிடமும் சொல்லவில்லை. "மாப்ளைக்கு வேணும்னு என்னயக் கழிச்சு உட்டுட்டா" என்றுதான் பெண்டாட்டி முனியாயியிடம் சொன்னான். சீட்டை நாலாக மடித்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் தள்ளிவிட்டான்.

அதற்கப்புறம் வேலிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்ப்பதே அவன் பிழைப்பானது. சின்னுசாமி வாசலில் நாற்காலி போட்டு, காலை ஸ்டூலில் நீட்டி, உப்பிய பைக்குள் பாதத்தை வைத்துக்கொண்டு போனில் படம் பார்ப்பான். அத்தாயி டீ கொண்டுவந்து கையில் கொடுப்பாள். மலையின் அந்தப் பக்கத்துத் திண்ணனூர் நாட்டிலிருந்துகூட ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு நாள் பட்டை சரியாக ஒட்டாமல் பை புஸ்ஸென்று இளைத்துப்போனது. அன்றைக்கு மட்டும் முத்தன் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான்.

மூன்றாம் வாரம் அத்தாயி பலாக்கொட்டைக் குழம்பு கொண்டுவந்தாள்.

"உம் புருசங்காலு இன்னும் நாறுதா?" என்றான் முத்தன்.

"இல்லீங்கண்ணா. செவப்பாத் தோலு வந்துருச்சு. ஒரு ரூவாக் காசு அகலந்தான் பாக்கி."

அவள் சந்தோஷத்தை மறைக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. முத்தன் குழம்பைத் தொடவில்லை.

"ஒரு பை எடுத்துக் குடு."

"அது ஒருக்காத்தான் போடலாமுங்கண்ணா. சிஸ்டரு எண்ணி எடுத்துட்டுப் போவுது."

"மாப்ளைக்குப் புதுசு புதுசா நாலு நாளும். எனக்கு அவன் போட்டுக் கழிச்சதுகூட ஆகாதா? கூடப் பொறந்தவதான நீ?"

அத்தாயி குழம்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள். வியாழக்கிழமை மணிமேகலை கை கழுவப் போன நேரத்தில் சிவப்பு உறையிலிருந்து ஒன்றை உருவி முந்தானைக்குள் வைத்தாள். சாயங்காலம் வேலிக்கு மேலே நீட்டும்போது அண்ணன் முகத்தை அவள் பார்க்கவில்லை.

மறுநாள் வண்டி வராத நாள். முனியாயி மரவள்ளிக் காட்டுக்குப் போனதும் முத்தன் வேலையை ஆரம்பித்தான். சிலிண்டர் இல்லையே என்ற கவலை அவனுக்கு இல்லை. காற்று காற்றுதானே, இந்த மலைக்காற்றை விடவா அந்தச் சிலிண்டரில் ஒசத்தியாக அடைத்து வைத்திருக்கிறாள்? காலைப் பைக்குள் விட்டு, சைக்கிள் பம்பைப் பையின் குழாயில் செருகினான். அடித்தான். பட்டையில் பசை போயிருந்ததால் காற்று வாய் வழியாக ஓடியது.

ஏணி கட்டும் ரப்பரை எடுத்தான். பழைய லாரி டியூபை நீளநீளமாக அறுத்த வார் அது. ஏணி உச்சியை மரத்தோடு சேர்த்துக் கட்டும்போது மூன்று சுற்று, ஒவ்வொரு சுற்றையும் இழுத்துப் பிடித்து, மேலே எதிர்முடிச்சு. அந்தக் கட்டு நெகிழ்ந்தால் ஆள் தரையில். இருபது வருஷத்தில் முத்தன் கட்டிய கட்டு ஒன்றுகூட நழுவியதில்லை. அதே கட்டைத் தன் முழங்காலுக்குக் கீழே போட்டான். மறுபடி பம்பை அடித்ததும் பை உப்பி நின்றது. சின்னுசாமியின் பையை விடப் பெரிதாகவே உப்பியதாகத் தோன்றியது.

அவனுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் நமக்கு மூன்று என்று முடிவு செய்தான். சர்க்கரையால் மரத்துப்போன கால் வலிக்கவில்லை. வெயில் இதமாக இருந்தது. தூங்கிவிட்டான்.

முனியாயி போட்ட கூச்சலில்தான் எழுந்தான். பைக்குள் இருந்த பாதம் நாவல்பழ நிறத்தில் இருந்தது. அவள் முடிச்சை நகத்தால் பிறாண்டினாள். அது அவிழுகிற முடிச்சில்லை. சின்னுசாமி கொடுவாளோடு வேலியை மிதித்துத் தள்ளிக்கொண்டு வந்தான். வாரை ஒவ்வொரு சுற்றாக அறுத்தான். அறுத்து முடித்தபிறகுதான் கையோடு வந்த பையைப் பார்த்தான்.

"இது என்ற பையில்ல?"

அத்தாயி வேலியோரம் நின்று அழுதாள். "நாந்தானுங்க குடுத்தேன்."

"அட கர்மம் புடிச்ச மச்சான், என்ற சீழு கெடந்த பைக்குள்ளயா காலு உட்ட?"

சின்னுசாமியின் கணுக்கால் முத்தனின் கண்ணுக்கு நேரே இருந்தது. அங்கே புதுத்தோல் குழந்தையின் உள்ளங்கை மாதிரி இருந்தது. தன் கால் கறுத்துக் கிடக்கும்போதும் முத்தன் பார்த்தது அதைத்தான்.

சின்னுசாமி மோட்டார் பைக்கை எடுத்தான். நடுவில் முத்தன், பின்னால் அவனைப் பிடித்துக்கொண்டு முனியாயி. சோளக்காடு ஊரில், போனில் கூப்பிட்ட ஆம்புலன்ஸ் காத்திருந்தது. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் முனியாயி அவனைத் திட்டிக்கொண்டே இறங்கினாள்.

நாமக்கல்லில் இரண்டு விரலை எடுத்தார்கள். கட்டைவிரலும் அடுத்ததும். தொடையிலிருந்து கம்பி விட்டு ரத்தக் குழாயின் அடைப்பையும் நீக்கினார்கள். "சீட்டுக் குடுத்தப்பவே வந்திருந்தா வெரலு தப்பிச்சிருக்கும். நீ கட்டுன கட்டு முழுக் காலையும் கொண்டு போயிருக்கும்யா" என்றார் டாக்டர்.

முப்பது நாள் கழித்து மலைக்குத் திரும்பினான். மணிமேகலை வந்தாள். முத்தனை வாசல் நாற்காலியில் உட்காரவைத்து, விரல் இருந்த இடத்துப் புண்ணைப் பார்த்தாள். பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள், சூடு இருந்தது. வண்டிக்குப் போய்ப் புதுப் பை ஒன்றைப் பிரித்துக்கொண்டு வந்தாள்.

"இப்ப ரத்தம் வருதுங்கண்ணா. இனிப் போடலாம். புண்ணு ஆறிரும்."

"ஏணி ஏறலாமா?"

அவள் பட்டையை ஒட்டிக்கொண்டே சொன்னாள். "கட்டைவெரலு இல்லாம கணுவுல எப்படிங்க நிப்பீங்க? நடக்கலாம். ஏற முடியாது."

பை உப்பியது. முத்தன் குனிந்து பார்த்தான். குளிரவும் இல்லை, சுடவும் இல்லை. ஒன்றுமே தெரியவில்லை. இதற்காகவா என்று தோன்றியது.

எதிர்த் தோட்டத்தில் மிளகுப் பறிப்பு நடந்தது. சின்னுசாமி ஏணியில் பாதி உயரத்தில் இருந்தான். இருபது வருஷமாக முத்தன் நின்ற இடம் அது. சின்னுசாமியின் வலது கட்டைவிரல் கணுவை அழுத்தி நின்றது. அந்த விரலை இங்கிருந்தே முத்தனால் பார்க்க முடிந்தது. பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவன் ஏறத் தெரியாமல் ஏறுகிறான், இடுப்பைத் தள்ளி நிற்கிறான், கொத்தை இலையோடு சேர்த்துப் பிய்க்கிறான். கீழே ஏணியைப் பிடித்திருந்த அத்தாயி வீட்டுக்குப் போய்விட்டாள், அடுப்பில் எதுவோ தீய்கிற வாசம்.

"மச்சான், ஏணி ஆடுது! வந்து கொஞ்சம் புடியேன்!" சின்னுசாமி மேலிருந்து கத்தினான்.

மணிமேகலை முத்தனைப் பார்த்தாள். "வேணும்னா கழட்டிட்டு நாளைக்குப் போட்டுக்கலாமுங்கண்ணா."

முத்தன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டான். மிச்சமிருக்கும் மூன்று விரலும் பைக்குள் தெரிய, காலை ஸ்டூலில் இன்னும் கொஞ்சம் நீட்டினான்.

"இன்னும் முக்கா மணி நேரம் கெடக்குது மாப்ள!" என்று திருப்பிக் கத்தினான். "அது வரைக்கும் மரத்தக் கட்டிப் புடிச்சுட்டு நில்லு!"