பல் கூச்சத்துக்கு ஒரு மொட்டை

சித்தூரில் ரங்கையாவின் வெல்ல மண்டியில் கோவர்த்தனனின் பல்லுக்கு இருந்த மரியாதை தாசில்தார் கையெழுத்துக்குக்கூடக் கிடையாது. குடியானவர்கள் வண்டியில் கொண்டுவரும் வெல்லத்தில் ஓர் உருண்டையை எடுப்பார். முன்பல்லால் ஒரு துண்டு கடிப்பார். நாக்கில் நாலு சுற்று உருட்டித் துப்புவார். அவர் "முதல் ரகம்" என்றால் முதல் ரகம், "மூணாம் ரகம்" என்றால் மூன்றாம் ரகம். உப்புக் கிணற்றுத் தண்ணீரில் விளைந்த கரும்பு, வெல்லமாகி எவ்வளவு பளபளவென்று வந்து நின்றாலும் அவர் வாயில் மாட்டிக்கொள்ளும். இருபத்திரண்டு வருஷமாக வாங்குகிறவனும் விற்கிறவனும் அந்தச் சொல்லை மறுத்துப் பேசியதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது மார்கழியில் அந்தப் பல்லுக்குக் கேடு வந்தது. வெல்லம் பட்டதும் ஈறிலிருந்து காது வரைக்கும் சுரீரென்று ஏறியது. பச்சைத் தண்ணீர் பட்டாலும் அப்படித்தான். கோவர்த்தனன் கண்ணை மூடிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, மனுஷர் எவ்வளவு கவனமாக ருசி பார்க்கிறார் என்று குடியானவர்கள் மெச்சினார்கள். அவருக்குத்தான் உயிர் போனது.

"மண்டியில சொல்லிட்டு ஒரு டாக்டரைப் பாரு" என்றாள் மனைவி யசோதா.

"சொன்னா நாளைக்கே வேற ஆளைக் குந்த வெச்சிடுவாங்க. பல்லு கூசறவன்கிட்ட வெல்லத்தைக் கொடுத்து எவன் ரகம் கேப்பான்?"

யசோதா லவங்கத் தைலத்தைப் பஞ்சில் தொட்டுப் பல்லில் வைத்தாள். வலி அப்போதே அடங்கியது. ஆனால் அன்றைக்குக் காப்பியும் வெந்நீரும் ஒன்றாக இருந்தன, சாம்பாரும் ரசமும் ஒன்றாக இருந்தன. தைலம் பல்லோடு நாக்கையும் சேர்த்துத் தூங்க வைத்துவிட்டது. வேறு வேலை செய்கிறவனுக்கு இது நல்ல மருந்து, இவருக்கு எப்படி உதவும்?

சித்தூரில் ஒருவன் பல் டாக்டர் வீட்டுப் படியேறினால் இறங்குவதற்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். ஆகவே கோவர்த்தனன் திருப்பதியில் இருக்கும் டாக்டரிடம் போவதென்று முடிவு செய்தார். ரங்கையாவிடம், மலைக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கிறது என்றார்.

"மஞ்சிதி! போய் ரா அய்யா" என்று ரங்கையா தெலுங்கு கலந்த தமிழில் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார். "எனக்கு ஒரு லட்டு கொண்டு வா."

திருப்பதி டாக்டர் தோதாத்ரி சின்ன வயசுக்காரர், மதராஸில் படித்துவிட்டு வந்தவர். கோவிந்தராஜர் சன்னிதித் தெருவில் நாற்காலி போட்டு ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. வாயைத் திறக்கச் சொல்லி, கண்ணாடியை விட்டுப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார்.

"எதால பல் தேய்க்கறேள்?"

"செங்கல் பொடி சாமி. கரியும் உப்பும் கலந்து. நல்லா அழுத்தித் தேய்ப்பேன்."

"நன்னாத்தான் தேய்ச்சிருக்கேள். பல்லோட மேல்தோலையே இழைச்சு எடுத்துட்டேள். உள்ளே இருக்கற உசிரு வெளியில எட்டிப் பாக்கறது. முதல்ல அந்தப் பொடியைக் கொண்டுபோய்த் தெருவில கொட்டுங்கோ."

பிறகு தோதாத்ரி இரண்டு சிகிச்சைகளைச் சொன்னார். ஒன்று, சில்வர் நைட்ரேட். ஒரே தடவை தடவினால் போதும், கூச்சம் சட்டென்று அடங்கிவிடும், ஆனால் தடவின பல் கரிக்கட்டையாகக் கறுத்துப் போகும். இன்னொன்று, ஃப்ளூரைடு கலந்த பசை. வாரத்துக்கு ஒரு தடவை பல்லில் வைத்துத் தேய்க்க வேண்டும், மூன்று வாரம் வர வேண்டும், மெதுவாகத்தான் குணம் தெரியும். பல் மட்டும் வெள்ளையாகவே இருக்கும்.

"வலப்பக்கம் அது, இடப்பக்கம் இதுன்னு பிரிச்சு வேணாலும் பண்ணலாம். எது தேவலைன்னு நீங்களே பாத்துக்கலாம்" என்றார் டாக்டர் உற்சாகமாக.

"ஆந்திரான்னும் மதராஸ்னும் ஊரெல்லாம் எல்லைக்கோடு போட்டுக்கினு கீறாங்க, என் வாயிலயுமா சாமி? முன்பல்லு கறுத்தா மண்டியில நான் வாயைத் தொறக்க முடியாது. பசையே வையுங்க."

பசை வைத்தாயிற்று. அப்புறம்தான் கோவர்த்தனனுக்கு வேண்டுதல் நினைவுக்கு வந்தது. திருப்பதிக்குப் போனவன் தலையில் முடியோடு திரும்பினால் ரங்கையா என்ன நினைப்பார்? பஸ் பிடித்து மலையேறி, முடியிறக்கி, லட்டு வாங்கிக்கொண்டு மறுநாள் சித்தூரில் இறங்கினார்.

அடுத்த வாரம் வந்தது. முதல் மொட்டை தன் பெயரில், இரண்டாவது மச்சான் பெயரில் வேண்டிக்கொண்டது என்று ரங்கையாவிடம் ஒரு கதை விட்டார். மலையில் நாவிதர் அவர் தலையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இதுல இன்னாத்தை எடுக்கறது சாமி?"

"இருக்கறதை எடுப்பா. பெருமாள் கணக்குப் பாக்க மாட்டாரு."

இரண்டு தடவை பசை வைத்ததில், செங்கல் பொடியையும் விட்டதில், வெதுவெதுப்பான தண்ணீர் குடிக்க முடிந்தது. வெல்லத்துக்கு மட்டும் பல் இன்னும் பணியவில்லை. மூன்றாம் தடவைக்கு என்ன கதை சொல்வது என்றும் தெரியவில்லை. இதற்குள் பொங்கல் முடிந்து வரத்து ஏறிவிட்டது. ஒருநாள் காலையில் மண்டி வாசலில் பதினொரு வண்டிகள் நின்றன. பதினொரு கடி! கோவர்த்தனன் வண்டிகளை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். அன்றைக்குத்தான் அந்தப் புத்தி கெட்ட காரியத்தைச் செய்தார். லவங்கத் தைலத்தைப் பஞ்சில் நனைத்துப் பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவே அடக்கிக்கொண்டார். நிறத்தைப் பார்த்தும், உடைகிற சத்தத்தைக் கேட்டும் சமாளித்துவிடலாம் என்று நினைத்தார்.

பதினொன்றையும் மளமளவென்று கடித்து ரகம் சொன்னார். அதில் பாலசமுத்திரத்திலிருந்து வந்த முனிரத்தினத்தின் வண்டி முதல் ரகம் வாங்கியது. முனிரத்தினம் யசோதாவின் தம்பி. அதுதான் வினையாகப் போயிற்று.

வேலூர் வியாபாரி ஏகாம்பரம் அந்த வண்டியிலிருந்து ஒரு துண்டை வாயில் போட்டார். போட்ட வேகத்தில் துப்பினார்.

"இன்னாய்யா இது, உப்பா கரிக்குது! இதுவா முதல் ரகம்? மச்சான் வண்டின்னா நாக்கு இனிக்குமா?"

ரங்கையா ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டார். அவர் முகம் மாறியதை எல்லோரும் பார்த்தார்கள். முனிரத்தினம் தலையைக் குனிந்துகொண்டான்.

"கோவர்த்தனா, ஏமிதி இது?" என்றார் ரங்கையா.

கோவர்த்தனனுக்கு உடம்பெல்லாம் கூசியது. பல் கூசுகிறது என்று சொன்னால் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் மச்சானுக்காகப் பொய் ரகம் சொன்னவன் என்ற பெயர் நிற்கும். இருபத்திரண்டு வருஷத்துப் பெயர் அது. போகிற வேலை போகட்டும் என்று வாய்க்குள் விரலை விட்டுப் பஞ்சை எடுத்து எல்லோருக்கும் முன்னால் நீட்டினார்.

"லவங்கத் தைலம். ஒரு மாசமா எனக்குப் பல்லு கூசுது. வெல்லம் பட்டா உசுரு போவுது. இன்னிக்கு வலிக்குப் பயந்து இதை வெச்சிக்கினேன், நாக்கு செத்துப்போச்சு. இந்த வண்டி மட்டுமில்லே, பதினொண்ணுமே நான் ருசி பாக்காம சொன்னதுதான். தப்பு என்னுது. என் மச்சானை ஒண்ணும் சொல்லாதீங்க."

ரங்கையா அவர் தலையைப் பார்த்தார்.

"அப்போ அந்த ரெண்டு மொட்டை?"

"ரெண்டும் பல்லுக்குத்தான் முதலாளி. திருப்பதியில பல் டாக்டரைப் பாத்துட்டு, உங்களுக்காக மலையேறினேன்."

யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். அதைத் தொடர்ந்து மண்டியே சிரித்தது. ஏகாம்பரம்கூட மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் சிரிப்பு முடிந்ததும் அவர், "அதெல்லாம் சரி, சரக்குக்கு இன்னா வழி?" என்று கேட்டார்.

"ஒரு மணி நேரம் பொறுங்க. நாக்கு எழுந்திருக்கட்டும். பதினொண்ணையும் திரும்பக் கடிக்கிறேன்."

வெந்நீர் வரவழைத்துக் கொப்பளித்துக்கொண்டே இருந்தார். மற்றவர்கள் மூட்டைகள் மேல் உட்கார்ந்து, திருத்தணி மதராஸோடு போகப்போவதையும் பாலசமுத்திரம் ஆந்திராவிலேயே தங்கப்போவதையும் அலசினார்கள். கோடு கரும்புத் தோட்டத்துக்கு நடுவில் விழுந்தால் வெல்லத்தை எந்த ஊரில் காய்ச்சுவது என்று ஒருவர் கேட்டார். ஒரு மணி நேரம் கழிந்ததும் கோவர்த்தனன் கோணி ஊசி முனையில் உப்புக்கல் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். கரித்தது. எழுந்து நேராக மச்சான் வண்டிக்குப் போனார்.

பஞ்சில்லாத வெறும் பல்லால் கடித்தார். சுரீரென்றது. கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக இறங்கியது. அப்படியும் துப்பிவிடாமல் நாலு சுற்றும் உருட்டினார்.

"உப்பு. மூணாம் ரகம்" என்றார்.

"எனக்குத் தெரியும் மாமா" என்றான் முனிரத்தினம். "இந்த வருசம் எங்க கிணறு கரிச்சிப்போச்சு. நீ முதல் ரகம்னு சொன்னப்பவே எனக்கு பயமாப் போச்சு. வாயைத் தொறந்து சொல்லியிருக்கணும், ஆசையில சும்மா நின்னுட்டேன்."

"மூணாம் ரகத்துக்கே போடு மச்சான்" என்று அவன் தோளைத் தட்டிவிட்டு அடுத்த வண்டிக்கு நகர்ந்தார் கோவர்த்தனன்.

ஐந்தாவது கடியில் ரங்கையாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "சாலு அய்யா, விடு" என்றார். கோவர்த்தனன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆறாவதற்குப் போனார். எட்டாவது வண்டி ஏர்பேட்டிலிருந்து ஒரு விதவை அனுப்பியது, காலையில் இரண்டாம் ரகம் என்று தள்ளியிருந்தார். இப்போது கண்ணீரோடு முகம் மலர்ந்து "முதல் ரகம்!" என்று கத்தினார். மற்ற ஒன்பது வண்டிகளுக்கும் காலையில் சொன்னதே சரியாக இருந்தது. பதினொன்றும் முடிந்தபோது அவர் முகம் வீங்கி, பேச்சே குழறியது. முனிரத்தினம் ஓடிப்போய் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தான்.

ஏகாம்பரம் எழுந்து வந்து கோவர்த்தனனின் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் பேசினது தப்பு, மனசுல வெச்சிக்காதீங்க. நாளைக்கு வர வண்டிங்களை நான் வாயில வெச்சிக்கூடப் பாக்க மாட்டேன். நீங்க சொல்ற ரகம்தான்."

"நாளைக்கு நான் இருக்க மாட்டேன்" என்று குழறினார் கோவர்த்தனன். "திருப்பதிக்குப் போறேன்."

"பெருமாளுக்கா?" என்றார் ரங்கையா.

"பல்லுக்கு. மூணாவது தடவை பசை வைக்கணும்." சொல்லிவிட்டுத் தயங்கினார். "என் எடத்துல யாரைக் குந்த வெக்கறதுன்னு நீங்க பாத்துக்கங்க முதலாளி. எனக்கு வருத்தமில்லே."

ரங்கையா அவரை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் வாசல் பக்கம் திரும்பி, வண்டிக்காரர்களுக்கெல்லாம் கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

"நாளைக்கு மண்டி லீவு!"