எருமையின் அகலம்

ரோவெனாவின் இடுப்பில் மஞ்சள் நிற அளவு டேப் தொங்கியதைப் பார்த்ததும் நார்மன் ஹாப்லிக்கு இஞ்சினை அணைக்கும் சாவி கையில் வழுக்கியது. பத்து வருஷமாக அந்தப் பட்டறையில் வண்டிகளுக்கு வருஷாந்தரப் பரிசோதனை செய்துவந்த கிழவர் ஆர்ச்சியிடம் டேப் கிடையாது. முற்றத்திலேயே வண்டியைச் சுற்றி ஒரு நடை நடப்பார், டயரை உதைப்பார், சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீருக்குப் போவார். அவர் போன மாதம் ஓய்வுபெற்று மகளோடு இருக்கக் கடற்கரைப் பக்கம் போய்விட்டார். பட்டறையை வாங்கியவள் இந்த ரோவெனா. காலையிலேயே தலைமுடியை இறுக்கிக் கட்டியிருந்தாள். அது நார்மனுக்கு நல்ல சகுனமாகப் படவில்லை.

வண்டிக்கு எருமை என்று பெயர் வைத்தது மனைவி ஐரிஸ். டெக்சாஸில் பிறந்து கப்பலேறி வந்த முப்பத்துநாலு அடி வீட்டு வண்டி. கிடர்மின்ஸ்டரில் இருந்த செங்கல் வீட்டை விற்றுவிட்டு ஆறு வருஷமாக இருவரும் அதில்தான் குடியிருக்கிறார்கள். இங்கிலாந்து மண்ணுக்கு அதைப் பழக்கியது நார்மன். நாற்பது வருஷம் ரொட்டி அடுப்புகளைப் பழுதுபார்த்த கை. பின்னால் சிவப்பாகக் கண்சிமிட்டிய விளக்குகளைச் செம்மஞ்சளாக்கினார். எதிரே வருகிறவன் கண்ணைக் குத்திய முகப்பு விளக்குகளை இடது ஓரம் பார்க்கவைத்தார். இந்த ஊர் மின்சாரத்தைப் பாதியாகக் குறைத்து உள்ளே அனுப்ப, கட்டிலுக்கு அடியில் பன்றிக்குட்டி அளவு டிரான்ஸ்பார்மர் ஒன்றை வைத்தார். அது இரவெல்லாம் முனகும். விருந்தாளிகள் ஐரிஸைத்தான் சந்தேகப்படுவார்கள். வாசல் கதவு வலப்பக்கம், அதாவது எமன் வருகிற பக்கம். அதை மட்டும் மாற்ற முடியவில்லை. ஐரிஸ் இறங்குவதற்கு முன் கதவை விரல் அளவு திறந்து சாலைக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் இறங்குவாள்.

இதெல்லாம் சரி. அகலத்தைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. இந்த நாட்டுச் சாலையில் ஒரு வண்டி இருநூற்று ஐம்பத்தைந்து சென்டிமீட்டருக்கு மேல் அகலம் இருக்கக்கூடாது. எருமையின் விவரப் புத்தகத்தில் அமெரிக்காக்காரன் எட்டரை அடி என்று போட்டிருந்தான். அதைச் சென்டிமீட்டராக மாற்றிப் பார்க்க நார்மனுக்குத் தோன்றவில்லை. வீட்டை விற்றுப் பதினோரு நாள் கழித்துத்தான் தோன்றியது. இருநூற்று ஐம்பத்தொன்பது.

வீட்டை விற்கும்போது ஐரிஸ் கேட்டது ஒரே கேள்வி. "எல்லாம் சட்டப்படி சரியா இருக்கா, நார்மன்?"

"அட, கச்சிதம்" என்றிருந்தார் அவர்.

ஐரிஸ் எப்படிப்பட்டவள் என்றால், ஒருமுறை தேநீர்க் கடை ஸ்பூன் ஒன்று கைப்பையில் தவறி வந்துவிட்டதற்காக, மழையில் பதினாலு மைல் திரும்பப் போய் மன்னிப்புக் கேட்டுக் கொடுத்துவிட்டு வந்தவள். கடைக்காரன்தான் பாவம், அவளுக்கு இன்னொரு ஸ்பூனைப் பரிசாகக் கொடுத்தான். அதையும் அவள் வாங்கவில்லை.

நார்மன் உறுப்பினராக இருந்த, அமெரிக்க வண்டி வைத்திருப்பவர்கள் சங்கத்தில் இந்த நாலு சென்டிமீட்டர் எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாரும் பேசமாட்டார்கள். அங்கே ஒருவரிடம் அவர் மூலநோயைப் பற்றிக்கூட விசாரிக்கலாம், வண்டியின் அகலத்தைக் கேட்கக்கூடாது. கூடுகைக்கு அளவு டேப் கொண்டுவருவது மகாபாவம். வால்வர்ஹாம்ப்டனிலிருந்து வந்த புதிய உறுப்பினர் ஒருவர் பந்தல் கட்டுவதற்காகப் பையிலிருந்து டேப்பை எடுத்தார். அறுபது பேர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்கள். தலைவர் பாசில் டிரிங்க்வாட்டர் அவர் தோளில் கைபோட்டு, "தம்பி, இங்க எல்லாமே துடைப்பக் குச்சிக் கணக்குதான். அதை உள்ள வைங்க" என்றார் மென்மையாக. அந்தப் புதியவர் அதன்பிறகு வரவில்லை. இப்போது தேனீ வளர்க்கிறார் என்று கேள்வி.

நார்மன் தன்னால் ஆனதைச் செய்துபார்த்தார். பக்கவாட்டு அலங்காரப் பட்டைகளைக் கழற்றினார். ஆணித் தலைகளை அரத்தால் ராவினார். மூன்று பூச்சுப் பெயின்ட்டைச் சுரண்டி ஒரே பூச்சு அடித்தார். மொத்தம் ஒன்றரை மில்லிமீட்டர் இளைத்தது. குளிரில் அலுமினியம் சுருங்கும் என்று பரிசோதனையை ஜனவரிக்கு மாற்றிக்கொண்டார். முதல்நாளே ஹீட்டரை அணைத்துவிடுவார். ஐரிஸ் இரண்டு கம்பளியும் தொப்பியும் போட்டுக்கொண்டு தூங்குவாள். "வண்டிக்கு நல்லது" என்பார். அவளும் ஏன் என்று கேட்டதில்லை.

இன்று வரும் வழியில் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். பட்டறையை வாங்கிய புதியவள் ஒருவேளை அளந்து, ஐரிஸ் காதுபட நம்பரைப் படித்துக் காட்டுவதற்கு முன்னால் தானே சொல்லிவிடுவது மேல். லட்லோ ஊரைத் தாண்டியதும் வாயைத் திறந்தார்.

"ஐரிஸ், ஒண்ணு சொல்லணும்."

"வேலியைப் பாத்து ஓட்டு. அப்புறம் சொல்லு."

வேலி முடியவே இல்லை.

இப்போது ரோவெனா ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள். "ஆர்ச்சி எப்படிப் பண்ணாரோ எனக்குத் தெரியாது சார். நான் குழிமேல நிறுத்தித்தான் அடிப்பக்கம் பாப்பேன். உள்ள வரணும்."

"இவ்வளவு பெரிய உடம்பு உள்ள நுழையுமா? வெளியிலேயே பாத்துடலாமே. நான் வேணா படுத்துப் பாத்துச் சொல்றேன்."

"நீங்க படுத்தா உங்களை யாரு எழுப்புறது? கதவு இருநூத்தி அறுபது. இருங்க, இதை அளந்துடறேன்." டேப்பின் நாக்கை இழுத்தாள். "இந்த முனையை யாராவது பிடிக்கணுமே."

நார்மன் எழுந்திருக்கப் பார்த்தார். கழற்ற மறந்த சீட் பெல்ட் இழுத்து உட்காரவைத்தது.

"நான் பிடிக்கிறேன்மா" என்று ஐரிஸ் எழுந்தாள்.

"குளிரு. நீ இரு" என்றார் நார்மன். குரல் கீச்சென்று வந்தது.

"ரெண்டு கம்பளியோட தூங்கறவளுக்கு இது ஒரு குளிரா?"

வலப்பக்கக் கதவைத் திறந்து இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி நார்மனின் ஜன்னலுக்கு நேர்கீழே வந்து நின்றாள். டேப்பின் முனையை அவளிடம் கொடுத்துவிட்டு ரோவெனா மறுபக்கம் போனாள்; முன்கண்ணாடியின் அந்தக் கோடியில் அவள் கொண்டை மட்டும் தெரிந்தது. எருமையின் மூக்கு புடைத்திருப்பதால் ஒருத்தி முனை இன்னொருத்திக்குத் தெரியாது. டேப் இறுகியது. நார்மன் மனசுக்குள் வீட்டுத் தரகர் வாசலில் வரிசையில் நின்றார். வாடகைக்கு ஒரு அறை, அதில் ஒரு ஜன்னல், ஜன்னலோரம் தன்னோடு பேசாத ஐரிஸ்.

"ஓரத்துல சரியா வச்சிருக்கீங்களா?" என்றாள் ரோவெனா.

"சரியா வச்சிருக்கேன்."

நார்மன் ஜன்னல் வழியே குனிந்து பார்த்தார். டேப்பின் முனை ஓரத்தில் இல்லை. அதைவிட உள்ளே தள்ளி, ஐரிஸின் கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது. நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்திப் பிடித்திருந்தாள். அவள் தலை நிமிரவில்லை.

"இருநூத்தி அம்பத்தஞ்சு!" என்று ரோவெனா கத்தினாள். "அச்சுல வார்த்த மாதிரி இருக்கே!"

நாலு. மூன்றும் இல்லை, ஐந்தும் இல்லை. குத்துமதிப்பாகப் பிடிக்கிற கைக்கு நாலு வராது. எப்போது அளந்தாள்? எதை வைத்து? எந்தக் குளிர்காலத்தில், தொப்பிக்குள் அந்த நம்பரை வைத்துக்கொண்டு பேசாமல் படுத்திருந்தாள்? நார்மனுக்குக் காதுக்குள் டிரான்ஸ்பார்மர் முனகுவது போல இருந்தது.

டேப் படீரென்று சுருண்டு ஓடியது. ரோவெனா பட்டறையின் இரும்புக் கதவை ஏற்றினாள். "ரெண்டு பக்கமும் ரெண்டரை ரெண்டரை இருக்கு. தாராளம். கண்ணாடிய மடக்கிட்டு நேரா வாங்க சார்."

நார்மன் கணக்குப் போட்டார். ரெண்டரை இல்லை. அரை. இந்தப் பக்கம் அரை, அந்தப் பக்கம் அரை. அதை இப்போது சொல்லவும் முடியாது.

ஐரிஸ் ஏற்கெனவே உள்ளே போய், குழிக்கு அப்பால், விளக்குக்குக் கீழே நின்றாள். குளிரில் மூக்கு சிவந்திருந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் முகத்துக்கு நேரே உயர்த்தி, நடுவில் ஒரு தாள் நுழைகிற இடைவெளி விட்டு, இமைக்காமல் அவரையே பார்த்தாள்.

"வா நார்மன்" என்றாள். "நேரா வா. மூச்சை மட்டும் இழுத்துப் பிடிச்சுக்கோ."

அவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.