ஒரு லட்சத்து ஐம்பத்தைந்தாயிரம் ரேடியோக்கள்

ஆப்பிரிக்காவின் தென்கோடியில் லெசோதோ, ஸ்வாஸிலாந்து என்று இரண்டு சின்ன நாடுகள் இருப்பதே, 1999-இல் அமெரிக்காவில் மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊருக்கு வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். எந்த வருஷம் எந்த நாட்டில் எத்தனை ரேடியோ, எத்தனை டிவி என்று ஒப்பிட்டுப் பார்க்கப் பள்ளிக்கூடங்களுக்கு சிடி போட்டு விற்கும் கம்பெனி அது. கோயம்புத்தூரில் எம்.சி.ஏ. படித்துவிட்டு அமெரிக்காவில் ரேடியோ எண்ணுகிறேன் என்று ஊரில் சொல்ல முடியுமா? சாஃப்ட்வேர் என்று சொல்லி வைத்திருந்தேன்.

பக்கத்து சீட் சாரதா. திருநெல்வேலிக்காரி, வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பழைய புள்ளிவிவரப் புத்தகங்களைப் பார்த்து அவள் படிப்பாள், நான் அடிப்பேன். இங்கிலீஷில் படித்தால் நாக்கு சுளுக்குகிறது என்று தமிழிலேயே படிப்பாள். எனக்கும் அதுதான் சௌகரியமாக இருந்தது.

"லெசோதோ, தொண்ணூத்தேழு. ஒரு லட்சத்து நாலாயிரம். ஸ்வாஸிலாந்து, ஒரு லட்சத்து அம்பத்தஞ்சாயிரம்."

ஸ்க்ரீனில் எல்லாமே மில்லியன் கணக்கு. லட்சத்தை நான்தான் மனசுக்குள் மாற்றிப் போட வேண்டும். லெசோதோவுக்கு 0.104 என்று சரியாகத்தான் போட்டேன். அந்த நேரம் பார்த்து, குழந்தையை விட்டிருந்த டேகேரிலிருந்து போன், என் மகள் ஓவியாவுக்கு ஜுரம் என்று. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே, 0.155 போட வேண்டிய இடத்தில் 1.55 என்று அடித்துவிட்டேன்.

ஐயாயிரம் சிடி அச்சாகிப் போன பிறகு ஒரு வாத்தியார் கூப்பிட்டுச் சிரித்திருக்கிறார். கிராஃபில் இரண்டு நாட்டுக் கோடும் இருபது வருஷம் அக்கம்பக்கமாக நகர்ந்து வந்து, கடைசியில் ஸ்வாஸிலாந்து மட்டும் பனைமரம் மாதிரி எழும்பி நிற்கிறது. அங்கே ஜனங்களே ஏறக்குறைய பத்து லட்சம்தான், ரேடியோ பதினைந்தரை லட்சம். கைக்குழந்தைக்கும் ஒரு ரேடியோ வாங்கிக் கொடுத்தார்களா என்று கேட்டாராம்.

மேனேஜர் டெப்ரா எங்கள் இரண்டு பேரையும் அறைக்குள் கூப்பிட்டாள். தப்பு செய்தவரை வைத்துக்கொள்ள முடியாது என்று முகத்துக்கு நேராகவே சொன்னாள். வேலை போனால் விசாவும் போச்சு. கிரீன் கார்டுக்கு அந்த மாதம்தான் மனு போட்டிருந்தது. என் வீட்டுக்காரர் சபரி, என் விசாவை நம்பி வேலையில்லாமல் வீட்டில் இருந்தார்.

"ஒன்று புள்ளி ஐந்து ஐந்து மில்லியன் என்றுதான் இவள் படித்தாள். காதில் விழுந்ததை நான் அடித்தேன்," என்றேன் இங்கிலீஷில்.

சாரதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். இல்லை என்று சொல்லித் தொலையேன்டி என்று எனக்குள் கத்தினேன். அவள் அங்கேயே என் மூஞ்சியில் காறித் துப்பியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவளோ நெற்றியைச் சுருக்கி யோசித்துக்கொண்டே நின்றாள்.

வேலை அவளுக்குத்தான் போனது. வெள்ளிக்கிழமை அவள் தன் சாமான்களை ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மனசு கேட்காமல் போய் பக்கத்தில் நின்றேன்.

"ப்ரியாக்கா, நெசமாவே நான் மில்லியன்னா படிச்சேன்?"

இப்போதாவது சொல்லித் தொலை என்று மனசு அடித்துக்கொண்டது.

"ஆமாடி."

"எனக்கு ஞாபகமே இல்லக்கா. எம்புத்தி எங்க போச்சோ தெரியல. என்னால ஒங்களுக்கும் கெட்ட பேரு. மன்னிச்சிருங்கக்கா."

பாவி நான், அவள் தோளில் தட்டி, "பரவால்ல, விடுடி," என்றேன்.