பதினோராவது தடம்

1

இந்தக் கதை என் கையாலாகாத்தனத்தில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் இசைக்குழுவின் நேரடி நிகழ்ச்சி ஆல்பத்தின் உறைக்குள் வைக்க ஒரு பக்கக் குறிப்பு கேட்டார்கள். மூன்று வாரமாக எழுதுகிறேன். குறிப்பு வரவில்லை, இது வருகிறது.

முதல் தொடக்கம்: “நாற்பத்து மூன்று ஆண்டுகளாக மின்னணு இசையுலகில் ‘நேபெலாம்ட்’ என்ற பெயர்...” [வேண்டாம். இரங்கல் கூட்டத்தில் கவுன்சிலர் பேசுவதுபோல் இருக்கிறது.]

இரண்டாவது: “வுப்பர்டாலில் அன்று மழை.” [எங்கள் ஊரில் என்றைக்கு இல்லை?]

மூன்றாவது: கிஸ்பெர்ட் இறந்துவிட்டான். நான் அவனுடைய ஒலிப் பொறியாளன்.

இதையே வைத்துக்கொள்வோம்.

2

மேடையில் கீபோர்டுகளோடு கிஸ்பெர்ட்டும் வீப்கேயும். கூடத்தின் கடைசியில், ஒலி மிக்ஸருக்குப் பின்னால் நான், ஏக்கார்ட். முப்பத்தொரு வருடங்கள்.

நிகழ்ச்சிக்கு முந்தைய ஒலிச் சோதனையில் கிஸ்பெர்ட் எப்போதும் ஐந்தே சுரங்கள் வாசிப்பான். கொஞ்சம் கிண்டலான மெட்டு. ‘தூங்குமூஞ்சி, கேக்குதா?’ என்று அதற்கு அர்த்தம். நான் பின்னாலிருந்து டார்ச்சை இரண்டு முறை சிமிட்டுவேன். கேட்கிறது. அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்து ஆட்களை உள்ளே விடுவோம்.

கடைசி இரண்டு வருடங்கள் அவன் கைகள் நடுங்கின. அதனால் ஒலிச் சோதனை முடிந்ததும் மிக்ஸரில் அவன் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பிடியை, பதினோராவது ஃபேடரை, சத்தமில்லாமல் அடிவரை இறக்கிவிட்டு, பத்து வருடம் முன்பு அவனே ஸ்டுடியோவில் வாசித்துப் பதிந்ததை இயந்திரத்திலிருந்து ஓடவிடுவேன். கூட்டத்துக்கும் அதுதான், அவன் காதில் மாட்டிய ஹெட்போனுக்கும் அதுதான். யோசனை வீப்கேயுடையது. [பொய். என்னுடையது.] அவனிடம் சொல்லவில்லை. நாற்பது வருடம் வாசித்தவனுக்குத் தன் விரல் தவறுவது தெரியாதா என்று எனக்குத் தோன்றவேயில்லை.

[தோன்றியது. அந்த வரியை நான்கு முறை அடித்து எழுதியிருக்கிறேன்.]

3

அக்டோபரில் கடைசி நிகழ்ச்சி. பிப்ரவரியில் போய்விட்டான். ஆல்பத்துக்காகப் போன மாதம் அன்றைய பதிவின் தடங்களை, வாத்தியத்துக்கு ஒன்றாக, தனித்தனியாகத் திறந்தேன். ஃபேடரை இறக்கினாலும் பதிவு ஓடிக்கொண்டுதான் இருக்கும். பதினோராவது தடத்தில் அவன் உண்மையில் வாசித்தது அப்படியே இருந்தது.

கடைசிப் பாட்டு ஒன்பது நிமிடம். முதல் இரண்டு நிமிடம் தடுமாறித் தடுமாறித் தன் பகுதியை வாசிக்கிறான். பிறகு நிறுத்துகிறான். பிறகு, ஐந்து சுரங்கள்.

இடைவெளி.

மறுபடி ஐந்து. நடுங்கிய விரல் ஆறாவதாக ஒன்றையும் தொட்டுவிடுகிறது. இடைவெளி. மறுபடி.

பதினான்கு முறை எண்ணினேன்.*

* அந்த ஏழு நிமிடமும் நான் குனிந்து உருளைக்கிழங்கு சாலட் தின்றுகொண்டிருந்தேன். இயந்திரம் வாசிக்கும்போது எனக்கென்ன வேலை? கடுகு சற்றுத் தூக்கல் என்று நினைத்ததுகூட நினைவிருக்கிறது.

4

வீப்கேயை நல்லவளாக எழுதுவதா, கல்நெஞ்சக்காரியாக எழுதுவதா என்று இரண்டு நாள் குழம்பினேன். அவள் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

“ஜனங்க என்ன கேட்டாங்களோ அதப் போடு. அதான் லைவ்.”

“அவங்க கேட்டது மெஷின.”

“நம்ம குழுவே மெஷின்தான்டா. நாப்பத்தி மூணு வருஷம் கழிச்சு இப்பத்தான் நீ கண்டுபிடிச்சியா?”

பதினோராவது தடத்தைப் போட்டேன். மூன்றாவது சுற்றிலேயே எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள். ஒரு கை உள்ளே போகவேயில்லை. நான் பிடித்து மாட்டிவிட்டேன்.

“ரோஸ்விட்டா இத மட்டும் கேக்கக் கூடாது” என்றாள். போய்விட்டாள்.

5

ரோஸ்விட்டா, கிஸ்பெர்ட்டின் மனைவி. வியாழக்கிழமை போன் செய்தாள். ஞாயிறு நாலு மணிக்கு ஆப்பிள் கேக்கோடு வருகிறாளாம்.

“பாட்டு முழுசா வேணாம் ஏக்கார்ட். அந்தக் கடைசிப் பாட்டுல அவரு கை மட்டும். தனியா எடுத்துப் போட முடியும்ல?”

முடியும் என்று என் வாய் சொல்லிவிட்டது. மூளை அப்போதுதான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது.

“அன்னைக்கி நடுக்கமே இல்ல பாத்தியா. டாக்டருக்கு ஒண்ணும் தெரியலன்னு நெனச்சேன். அத வெச்சுத்தான் இந்தக் குளிர்காலத்தத் தாண்டினேன்.”

6

முடிவுகள்.

ஒன்று: இயந்திரத் தடத்தைப் போடுகிறேன். கண்ணை மூடிக் கேட்கிறாள், சிரிக்கிறாள், எனக்குப் பெரிய துண்டு வெட்டித் தருகிறாள். ஆல்பம் வெளிவருகிறது. ‘துல்லியம்’ என்று எழுதுகிறார்கள். இன்னொரு துண்டு வேண்டுமா என்று

[நிறுத்திவிட்டேன்.]

இரண்டு: பதினோராவதைப் போடுகிறேன். அந்த ஐந்து சுரங்களுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். பதினான்கும் முடியும்வரை பொறுமையாக இருப்பாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்பாள்: “நீ லைட் அடிச்சியா?”



மூன்றாவது முடிவில் ரயில் பழுதாகி அவள் வராமலே போகிறாள். கோழை எழுதிய முடிவு என்பதால் நன்றாகவே வந்திருந்தது. கிழித்துப் போட்டேன்.

இன்று ஞாயிறு. மதியம் இழுப்பறையில் டார்ச்சைத் தேடி எடுத்தேன். பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. சுரண்டி, புதிது போட்டேன். தடத்தை ஓடவிட்டு, ஒவ்வொரு இடைவெளியிலும் எதிர்ச் சுவரை நோக்கி இரண்டு முறை சிமிட்டினேன். பதினான்கு முறையும். ஒவ்வொரு முறையும் அவன் காத்திருந்தான். ஒவ்வொரு முறையும் மறுபடி கேட்டான்.

அழைப்பு மணி அடிக்கிறது. நாலு அடிக்க இரண்டு நிமிடம். அவள் எப்போதும் அப்படித்தான். இரண்டு ஃபேடர்களும் அடியில் இருக்கின்றன. நான் கதவைத் திறக்கப் போகவேண்டும், கேக்கை வாங்கிக்கொள்ளவேண்டும், அவள் கோட்டை வாங்கி ஆணியில் மாட்டவேண்டும்.

நீங்கள் இங்கே, மிக்ஸர் முன்னால் உட்காருங்கள். இடது பக்க ஃபேடர் இயந்திரம். வலது பக்கம் அவன்.